குளத்து வண்டலும் மாளா நஞ்சும்

கொங்குநாட்டு உழவனுக்கு வண்டல் என்பது பொன்னுக்கு நிகரான சொல். கோடையில் குளம் வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் குளத்தடி மண்ணை வாரி வந்து தோட்டத்தில் கொட்டி, அடுத்த மழைக்குள் பரப்பி உழுதுவிடுதல் நம் முன்னோர் கண்ட வழக்கம். குளத்தின் தூரும் அகலும். நிலமும் உரம் பெறும். மேலைநாட்டு உப்புரம் இம்மண்ணில் கால் வைப்பதற்குப் பன்னூறாண்டு முன்பிருந்தே நிலத்தின் வளத்தை அழியாமற் காத்த அறிவு அது. அத்தகைய வழக்கத்துக்கு எதிராக எழுத நேருமென்று யான் ஒருநாளும் எண்ணியதில்லை. இக்கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகின்றேன். முழு வழக்கத்துக்கும் எதிராக அன்று, அதன் ஒரு கூற்றுக்கு எதிராக. அன்பர்கள் இறுதிவரை படித்துவிட்டுப் பின் சினந்துகொள்ளலாம்.

சூலூர்ப் பக்கம் தென்னையும் மஞ்சளும் வைத்திருக்கும் மாமன் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “ஏனுங்க மாப்பிள்ளை, குளத்து வண்டல் சும்மாவே தர்றாங்களாம். ஒரு பத்து லோடு அடிச்சுப் போடலாமுங்களா?” எளிய கேள்விதான். ஆயின் எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. தொல்காப்பியம் கற்பிப்பவன் மண்ணைப் பற்றி என்ன சொல்வது? எங்கள் பள்ளி அறிவியலாசிரியரை நாடினேன். அவர் தந்த நூல்களையும் ஆய்வுரைகளையும் பல மாலைப் பொழுதுகள் அவர் துணையோடே படித்தேன். படித்தபின் என் தயக்கம் அச்சமாயிற்று. அவ்வச்சத்தின் கரணியத்தை ஈண்டு விரிக்கின்றேன்.

நொய்யலின் கதை நம்மவர் அறிந்ததே. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, பேரூரைத் தழுவி, கோவை, சூலூர், திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியிற் கலக்கும் இவ்வாற்றைக் காஞ்சி என்று பழம்பெயரால் வழங்கினர். இதன் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் மணியும் செய்த பட்டறைகளின் தடங்களை 1985 முதல் நடந்த அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்தன; பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னும் இவ்வாற்றங்கரை தொழிற்கரைதான். அன்றைய தொழிற்கழிவு மண்ணோடு மண்ணாயிற்று. இன்றைய கழிவு மண்ணாக மறுக்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடித்தனர். வயலுக்கு நீர் பாய்ச்சக் கட்டிய அவ்வணை சில ஆண்டுகளுக்குள் திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கடைமடை உழவர் கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது. உழவர்கள் முறைமன்றத்தின் படியேறினர். பல்லாண்டு வழக்காடியபின், 2011 சனவரி 28-ஆம் நாள், திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு சென்னை உயர்முறைமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளிவிடாத ஏந்தினை அமைத்தபின்னரே அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன. இவ்வெற்றி உழவர் பெற்ற வெற்றி. அதனைக் குறைத்துப் பேசுவார் வாயை யான் அடைப்பேன். ஆயின் அவ்வழக்கெல்லாம் உப்பையும் நிறத்தையும் பற்றியது. நீரில் உப்பு இத்துணை, நிறம் இத்துணை என்று அளந்தனர். ஆற்றின் அடியிலும் குளத்தின் அடியிலும் படிந்துவிட்டதை யார் அளந்தனர்?

படிந்தவற்றுள் ஒரு வகையை அறிவியலார் நிலைத்த கரிம மாசு என்பர். எளிதில் சிதையாமையின் யான் அதனை மாளா நஞ்சு என்கின்றேன். பருத்தி விளைந்த நம் கரிசலிலும் செம்மண்ணிலும் டி.டி.டி. தெளித்தோம், பி.எச்.சி. பொடியை மூட்டை மூட்டையாகத் தூவினோம், எண்டோசல்பானை அடித்தோம். டி.டி.டி.யை வேளாண்மைக்குப் பயன்படுத்துவதை 1989-இலும், பி.எச்.சி.யை 1997-இலும் ஒன்றிய அரசு தடுத்தது. எண்டோசல்பானை 2011-இல் உச்ச முறைமன்றம் தடுத்தது. இவ்வகை நஞ்சுகளை உலகளவில் ஒழிக்க 2001-இல் சுடாக்கோமில் எழுந்த உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. ஆயின் தடை தாளில் எழுதப்படுவது. நஞ்சு மண்ணில் எழுதப்பட்டது. டி.டி.டி. மண்ணிற் பாதியாகக் குறைவதற்கே ஈராண்டு முதல் பதினைந்தாண்டு வரை ஆகுமென்பர். ஒரு தலைமுறை தூவியதை அடுத்த தலைமுறை உண்கின்றது.

இந்நஞ்சை மெல்ல மெல்லக் கரைக்க வல்லவர் ஒருவரே உளர். அவர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். எந்த அரசும் ஊதியம் கொடாமல், எந்த அலுவலரும் மேற்பார்வை செய்யாமல், மண்ணுக்குள் இருந்துகொண்டு நஞ்சின் மூலக்கூற்றைக் கண்ணி கண்ணியாக அவிழ்க்கும் தொழிலாளர் இவர். பி.எச்.சி.யையே உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர் ஒன்றை இந்திய மண்ணிலேயே, கரும்பின் வேர்ப்புறத்திலிருந்து, 1990-ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்தனர். அதற்கு நெருங்கிய உறவான மற்றொன்றைச் சப்பானில் கண்டனர். நஞ்சு தூவிய நிலத்திலேயே நஞ்சுண்ணும் உயிர் தோன்றியது. இயற்கை நமக்களித்த இரண்டாம் வாய்ப்பு அது.

சாயத்துக்கும் இதே வழிதான். நம் பட்டறைகளில் மிகுதியாகப் புழங்கும் அசோச் சாயங்களில் இரண்டு வெடிய அணுக்கள் கைகோத்து நிற்கும் பிணைப்பு ஒன்றுண்டு. வெடியம் என்றது நைட்ரசனை. காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர் அப்பிணைப்பை அறுக்கும். உடனே நிறம் போய்விடும். நிறம் போனதும் நஞ்சும் போயிற்று என்று எண்ணுதல் கூடாது. அறுபட்ட துண்டுகள் அமீன்கள் எனப்படுவன. அவற்றுட் சில புற்றுநோய் விளைப்பன. அவற்றை அழிக்கக் காற்றுள்ள இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர் வேண்டும். ஆக இருவேறு கூட்டத்தார், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கிச் செய்து முடிக்கும் வேலை இது. இடையில் ஒரு கண்ணி அறுந்தால், நீர் தெளிந்திருக்கும், நஞ்சு நின்றிருக்கும்.

இவ்வேலைக்குக் குறுக்கே வந்து நிற்பது நெகிழித்துகள்.

பிளாசுடிக்கு என்று உலகம் சொல்வதை நாம் நெகிழி என்கிறோம். அரை நூற்றாண்டுக்கு முன் அச்சொல்லை எழுதியபோது நகைத்தவர் பலர். இன்று அரசாணையிலேயே நெகிழி என்று வருகிறது. ஐந்து மில்லி மீட்டருக்குச் சிறுத்த நெகிழியை நுண்ணெகிழி என்பர். 2004-இல் பிளிமத்துப் பல்கலைக்கழகத்து இரிச்சர்டு தாம்சனும் அவர்தம் குழுவினரும் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே உலகம் இதனைத் தனித்துப் பேசத் தொடங்கிற்று. பை கிழிந்து துகளாவது ஒரு வழி. நம் பகுதிக்கு அதனினும் பெரிய வழி நூல். பாலியெசுட்டர், அக்ரிலிக்கு என்னும் செயற்கையிழைத் துணியைத் துவைக்குந்தோறும் அது மயிரிழையினும் நுண்ணிய நூல்களை உதிர்க்கின்றது. ஆறு கிலோ அக்ரிலிக்குத் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு நூறாயிரத்துக்கு மேற்பட்ட இழைகள் உதிரக்கூடுமென்று 2016-இல் அதே பிளிமத்து ஆய்வாளர் கணக்கிட்டனர். துணியையே தொழிலாகக் கொண்ட கொங்குநாட்டில், பின்னலாடைக்கும் துவைப்புக்கும் சாயமேற்றலுக்கும் குறைவில்லாத ஊர்களின் சாய்க்கடை எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று நம் பாட்டன்மார் நொய்யல் வெள்ளத்தைத் தேக்க வெட்டிய குளங்களே விடை.

இத்துகள் நுண்ணுயிரின் வேலையை எவ்வாறு கெடுக்கிறது? முதற்கண், அது நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. மாளா நஞ்சுகள் பெரும்பாலும் நீரை வெறுப்பன, எண்ணெய்ப் பசையை நாடுவன. நெகிழியோ கல்லெண்ணெயின் பிள்ளை. ஆகவே நீரில் மிதக்கும் நஞ்சு நெகிழியைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். பாலியெத்திலீன் போன்ற இளகிய நெகிழியானால் உள்ளேயே புகுந்துகொள்ளும். 2001-இல் சப்பான் கடற்கரையில் நெகிழி மணிகளை ஆராய்ந்தவர்கள், சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப்போல் நூறாயிரம் முதல் பத்து நூறாயிரம் மடங்கு நஞ்சு அம்மணிகளிற் செறிந்திருப்பதைக் கண்டனர். நுண்ணுயிருக்குப் பல் இல்லை. நீரிற் கரைந்து வருவதையே அது உறிஞ்சும். நெகிழிக்குள் ஒளிந்துகொண்ட நஞ்சு அதற்கு எட்டாது. கோட்டைக்குள் புகுந்துகொண்ட பகைவனை மதிலுக்கு வெளியே நின்று எவ்வாறு வெல்வது? கோட்டைக் கதவோ ஒருநாள் திறக்கும். பற்றிய நஞ்சு பல்லாண்டு கழித்து மெல்லக் கசியும். அன்று அதை உண்ண அந்நுண்ணுயிர் அங்கு இருக்குமா?

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. பாலியெசுட்டருக்குச் சாயமேற்றும்போது சாயம் நூலின் மேல் பூசப்படுவதில்லை. வெப்பத்தில் நூலுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. எனவே சாயமேற்றிய துணியிலிருந்து உதிரும் ஒவ்வோர் இழையும் தன் சாயத்தைத் தன் வயிற்றில் தாங்கியே குளத்தில் இறங்குகிறது. பட்டறைக் கழிவுநீரை எத்துணைத் தூய்மை செய்யினும், வீட்டுச் சாய்க்கடை வழியே சட்டையும் சேலையும் கொண்டுவரும் இச்சாயத்துக்கு எந்தப் பட்டறையையும் குற்றஞ்சாட்ட முடியாது. குற்றவாளி நம் வீட்டுக் கொடியிற் காய்ந்துகொண்டிருக்கின்றது.

அடுத்து, நெகிழி வெறும் நெகிழியன்று. அதனை இளக்கவும் உறுதிப்படுத்தவும் தாலேட்டு, பிசுபீனால் முதலிய பொருள்களைச் சேர்க்கின்றனர். அவை கசிந்து நுண்ணுயிரைத் தாக்குகின்றன. கழிவுநீர்ச் சேற்றைக் காற்றில்லாக் கலத்தில் புளிக்கவைத்து எரிவளி எடுக்கும் முறையில், பி.வி.சி. துகள் மிகுந்தால் வளி குறைகிறதென்றும், துகளிலிருந்து கசியும் பிசுபீனாலே அதற்குக் கரணியமென்றும் 2019-இல் ஆத்திரேலிய ஆய்வாளர் காட்டினர். அசோச் சாயத்தை அறுப்பதும் அத்தகைய காற்றில்லாச் சேற்றுயிர்க் கூட்டந்தானே!

இனி, நெகிழியின் மேலேயே நுண்ணுயிர்கள் படலமாகக் குடியேறுதலும் உண்டு. நீரில் வாழும் கூட்டத்தினின்றும் வேறுபட்ட கூட்டம் அது. 2013-இல் அதற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயரே சூட்டினர். நெகிழிச்சூழல் என்று நாம் வழங்கலாம். இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். இப்படலத்தில் நஞ்சும் நஞ்சுண்ணியும் ஒரே திண்ணையில் அமர்வதால், சில ஆய்வுகளில் சிதைவு விரைந்தும் இருக்கின்றது. நெகிழியின் வகை, அளவு, வெயிலில் எத்துணை நாள் கிடந்தது, எந்த நஞ்சு, எந்த மண் என்பவற்றைப் பொறுத்து முடிவு மாறுகிறது. நெகிழியையே தின்னும் நுண்ணுயிரைச் சப்பானின் சாக்காய் நகரில் கண்டு 2016-இல் அறிவித்தனர் என்பதும் உண்மை. ஆயின் அஃது ஒருவகை நெகிழியை மட்டும், அதுவும் ஏற்ற வெப்பத்தில் மட்டும் தின்னும். இவற்றைக் காட்டி, “எல்லாம் இயற்கை பார்த்துக்கொள்ளும்” என்று கைகட்டி நிற்போர் உளர். யான் கேட்பது ஒன்றே. முடிவு இடத்துக்கிடம் மாறுமென்றால், நம் இடத்து முடிவை நாமன்றோ அறிதல் வேண்டும்? பிளிமத்துக் கடற்கரையின் மணலும் தோக்கியோவின் அலையும் சிங்காநல்லூர்ச் சேற்றுக்கு விடை சொல்லா.

மீண்டும் வண்டலுக்கு வருவோம். 2017-இல் குடிமராமத்துத் திட்டத்தோடு, குளத்து வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு இசைவளித்தது. 2024-இல் வட்டாட்சியர் அளவிலேயே இசைவு பெறலாமென்று அதனை மேலும் எளிமையாக்கினர். நல்ல திட்டம். மலையடிவாரக் குளத்துக்கும் மழைநீர் மட்டுமே சேரும் சிற்றூர்க் குட்டைக்கும் இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் சாய்க்கடையை உண்டு பெருத்த நகர்ப்புறக் குளத்துக்கும் இதே விதியா? அக்குளத்தின் அடிமண் உரமன்று. ஐம்பதாண்டு நகர வாழ்வின் எச்சம். அதனை வாரி வயலிற் பரப்பினால், குளத்தில் ஓரிடத்தில் அடைபட்டிருந்த நூலும் நஞ்சும் ஆயிரம் தோட்டங்களுக்குப் பங்கு பிரிக்கப்படும். குளத்திலாவது அவற்றைத் தூர்வாரலாம். வயலிலிருந்து எவன் பொறுக்குவான்?

வயலிலும் முன்பே நெகிழி உண்டு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் நெகிழித்தாளை நிலப்போர்வையாக விரிக்கின்றனர். களை குறையும், ஈரம் நிற்கும் என்பன உண்மை. ஆயின் மெல்லிய தாள் ஒரு பருவத்திலேயே கிழிந்து ஏர்முனையில் மண்ணோடு கலக்கின்றது. சீனத்துச் சிங்கியாங்குப் பருத்தி நிலங்களில் பல்லாண்டு தாள் விரித்ததன் எச்சம் மண்ணிற் குவிந்து தொல்லையான பின்பே, சீன அரசு 2017-இல் தாளின் குறைந்த தடிப்பை நூற்றில் ஒரு மில்லி மீட்டராக உயர்த்தியது. தடித்த தாளையாவது கிழியாமல் திரும்ப எடுக்கலாம் என்பது கருத்து. பூச்சி மருந்து தெளிப்பதும் அத்தாளின் மேல்தான். அம்மருந்தைத் தாள் பற்றுவதும், கிழிந்த தாள் மண்ணுக்குள் போவதும் ஒருங்கே நிகழ்கின்றன.

அரசின் அளவுகோலோ வேறு நூற்றாண்டில் நிற்கின்றது. நெசவுத் தொழிற்கழிவுக்கு ஒன்றிய அரசு 2016-இல் விதித்த வரையறையில், கரைந்த உப்பு இலிட்டருக்கு 2100 மில்லிகிராம், மிதக்கும் திண்மம் 100 மில்லிகிராம் என்றெல்லாம் உண்டு. நெகிழியிழைக்கென்று ஒரு வரி இல்லை. மிதக்கும் திண்மத்தில் அதுவும் அடங்கிற்று என்பர். அங்கேதான் பிழை. எடையால் அளந்தால் நூல் ஒன்றுமில்லை, எண்ணினால் நூறாயிரக்கணக்கு. நஞ்சைப் பற்றுவது எடையன்று, மேற்பரப்பு. ஒரு பிடி கல்லையும் ஒரு பிடி பஞ்சையும் தராசில் வைத்து எது மிகுதியாக எண்ணெய் குடிக்கும் என்று தீர்ப்பளிப்பார் உண்டோ? பஞ்சு ஊரான கோவையில் இதைச் சிறுவனும் அறிவான். தில்லியில் அறியார் போலும். பிரான்சு நாடு 2025 முதல் புதிய துவைப்பொறிகளில் இழைவடிப்பான் வேண்டுமென்று 2020-லேயே சட்டத்தில் எழுதியது. துவைப்பொறி விற்பனையில் நம்மூரும் இளைத்ததன்று.

இச்செய்திகளை உழவர் அறியாதிருப்பதற்கு அவர்தம் அறியாமை கரணியமன்று. அறியும்படி சொல்வாரில்லை. 2020-இல் சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஒன்றிய அரசு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியிட்டு, அதன்மேல் நாட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. எட்டாம் அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. தன் கிணற்றின் நஞ்சைப் பற்றித் தன் மொழியிற் படிக்கும் உரிமைக்கே ஒருவன் மன்றத்தின் படியேற வேண்டுமெனில், அந்நாட்டில் அவன் குடிமகனா, குடிக்கூலியா? மொழிப்போர் என்பது பாடநூலிலும் பெயர்ப்பலகையிலும் முடிந்துபோகும் செய்தி என்று எண்ணும் நம்மவரே இதனைக் கருதிப் பார்க்க.

நம்மவர் என்று சொன்னபின் நம் குற்றத்தையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்த பதினான்கு பொருள்களில் நெகிழிக்கொடியும் ஒன்று. துணிபோல் தோன்றும் நெய்யாப் பையும் ஒன்று. நம் கூட்டங்களின் வாயிலைப் பாருங்கள். தூய தமிழில் பிழையின்றி எழுதிய முழக்கங்கள் நெகிழிப் பதாகையில் அச்சாகித் தொங்குகின்றன. கூட்டம் முடிந்ததும் அவை எங்கே போகின்றன என்று யான் இருமுறை கேட்டும் எவரும் விடை சொல்லவில்லை. சென்னிமலையில் தறியும் துணியும் இருக்க, எழுத வண்ணமும் தூரிகையும் இருக்க, நமக்கு ஏன் இவ்விழிவு?

யான் வேண்டுவன பெரியனவல்ல. நகர்ப்புறச் சாய்க்கடை சேரும் குளத்தின் வண்டலை, அதில் நெகிழியிழை, சாய அமீன், பழைய பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆயாமல் வயலுக்கு விடுதல் கூடாது. தனித்தனியே ஆய்ந்தால் போதாது; மூன்றும் சேர்ந்து நுண்ணுயிரை என்ன செய்கின்றன என்பதே கேள்வி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருக்கின்றது. குளங்களும் கோவையிலேயே இருக்கின்றன. இடையிலுள்ள தொலைவு நடக்கும் தொலைவே. ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதி, அந்தந்த ஊர்ச் சாவடியில் ஒட்டுதல் வேண்டும்.

மாமனுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. “மழைத்தண்ணி மட்டும் சேர்ற குட்டையில இருந்து எடுங்க மாமா, சாக்கடைத் தண்ணி சேர்ற குளத்து மண்ணு வேண்டாமுங்க” என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “போன கோடையில எட்டு லோடு அடிச்சாச்சுங்களே மாப்பிள்ளை, அதை என்ன பண்ணறதுங்க?” என்றார். என்னிடம் விடையில்லை. அம்மண்ணில் ஒரு படி எடுத்துக் கட்டி, ஆய்ந்து சொல்லுமாறு உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதியனுப்பியுள்ளேன். தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.